சிறைப்பட்ட மாலுமியும் பெயரற்ற சிறுவனும்: றொபேட் நொக்ஸின் நூலை மஸ்கெலியாவிலிருந்து நோக்குதல்

ஐரோப்பியக் குடியேற்றவாதத்தின் தொடக்க காலத்தைக் கூறும் வாழ்க்கை வரலாறுகளில் வணிகன், மாலுமி, கடற்கொள்ளையன் என்னும் மூவரையும் தனித்தனியே பிரித்துக் காண்பது எளிதன்று. பெரும்பாலும் ஒருவனே மூவராகவும் வாழ்ந்தான். அரச முத்திரையிட்ட அநுமதிப் பத்திரம் அவனுடைய கையிலே இருந்தபொழுது அவன் செய்த கொள்ளை போர்ச்செயல் எனப்பட்டது. அப்பத்திரம் இல்லாதபொழுது அதே செயல் தூக்குமரத்துக்குரிய குற்றமாயிற்று. வட அமெரிக்காவில் பீவர் என்னும் விலங்கின் மென்மயிர்த் தோலுக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போட்டியிட்ட காலத்தில், டேவிட் கேர்க் என்பவர் முதலாம் சாள்ஸ் மன்னனின் அநுமதியோடு சென்று, 1629 யூலையில் கியூபெக் குடியிருப்பைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினார். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே இரு அரசுகளுக்கும் இடையே சமாதானம் கையெழுத்தாகிவிட்டது. 1632இல் கியூபெக் திருப்பிக் கொடுக்கப்பட்டது. கேர்க்கோ மறுவருடம் 'சேர்' பட்டம் பெற்றார். பத்திரத்தின் உயிர் போன பின்னரும் கொள்ளையின் பெருமை போகவில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

அங்கு மென்மயிர்த் தோல் வகித்த இடத்தை நமது கடல்களில் மிளகும் கறுவாவும் துணியும் வகித்தன. 1592இன் இறுதியில் ஜேம்ஸ் லங்காஸ்டர் காலித் துறைக்கு அப்பால் தமது கப்பலை நிறுத்திப் போர்த்துக்கேயக் கலங்களின் வரவை நோக்கிக் காத்திருந்தார். பின்னர் 1601இல் கிழக்கிந்தியக் கும்பனியின் முதலாவது கப்பற்படையை நடத்திச் சென்றவரும் அவரே. கும்பனி பிறந்த தொட்டில் எத்தகையது என்பதை இதனால் உணரலாம். இக்கட்டுரை எடுத்துக்கொள்வது அந்த மரபிலே இரண்டு தலைமுறை கழித்து வந்த ஒருவரை. அவர் கொள்ளையராக அன்றிக் கைதியாகவே நினைவுகூரப்படுகின்றார். இலங்கைப் பாடநூல்களில் இடம்பெற்றுவிட்ட றொபேட் நொக்ஸே அவர்.

நொக்ஸின் வரலாறு பலரும் அறிந்தது. 1641இல் பிறந்த அவர், தந்தையாரின் தலைமையிலமைந்த 'ஆன்' என்னும் கும்பனிக் கப்பலிலே சோழமண்டலக் கரைக்கு வந்தார். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக்கு அருகே புயலிற் சிக்கிக் கப்பல் பாய்மரத்தை இழந்தது. புதுமரம் நாட்டுவதற்கும் துணி வாணிபம் செய்வதற்குமாகக் கொட்டியாரக்குடாவை அடைந்தவர்களை 1660 ஏப்பிரலில் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துச் சென்றனர். தந்தையும் மகனுமுட்பட 16 பேர் அகப்பட்டனர். மறுவருடம் தந்தையார் காய்ச்சலால் இறந்தார். மகன் கண்டி நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழப் பத்தொன்பதரை ஆண்டுகள் வாழ்ந்து, 1679 ஒக்டோபரில் தோழர் ஸ்டீபன் றட்லன்டுடன் அநுராதபுரத்தின் ஊடாக மல்வத்து ஓயாவைத் தொடர்ந்து நடந்து, ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் அவருடைய நூல் வெளிவந்தது. சில ஆண்டுகளுள் ஜெர்மன், ஒல்லாந்த, பிரெஞ்சு மொழிகளிலும் அது பெயர்க்கப்பட்டது.

இந்நூல் பொதுவாக இரு வகையாகப் போற்றப்பட்டுள்ளது. ஒன்று, கண்டிய சமுதாயத்தின் அன்றாட வாழ்வுக்குரிய ஆதாரம் என்பது. றால்ஃப் பீரிஸ் 1956இல் வெளியிட்ட கண்டிக்காலச் சமூக அமைப்பு பற்றிய ஆய்வு நொக்ஸை விரிவாகப் பயன்படுத்தியது; அது தக்கதே. நெல் வேளாண்மை, சாதியமைப்பு, இராசகாரியம், உணவு, திருமணம் ஆகியவற்றை இத்துணை அணுக்கமாகக் கண்டெழுதிய பிற ஐரோப்பியர் அக்காலத்தில் இலர். மற்றையது, துன்பத்தில் துவளாத மனிதனின் நெஞ்சுரத்துக்கு எடுத்துக்காட்டு என்பது. இந்த இரண்டாவது பாராட்டே நமது விமரிசனத்துக்குரியது.

முதலில் நூலின் ஆக்கத்தை நோக்குவோம். அது தனியொரு மாலுமியின் கைவண்ணம் மட்டுமன்று. அரச கழகத்து அறிவியலாளரான றொபேட் ஹூக் அதற்கு முன்னுரை எழுதினார். நொக்ஸின் உறவினரான ஜோன் ஸ்ட்ரைப் என்ற மதகுருவும் அதனை உருவாக்குவதில் துணைநின்றார். தூரதேசம் செல்லும் கடலோடிகள் எவற்றையெல்லாம் கவனித்து வரவேண்டும் என அரச கழகம் 1666இலேயே அறிவுறுத்தல்களை வெளியிட்டிருந்தது. நூலின் நான்கு பகுதிகளுள் முதல் மூன்றும் அந்த வேட்கைக்கு விடையாகவே அமைந்துள்ளன. நிலம், ஆறு, மரம், விலங்கு, அரசன், அவனுடைய வருமானம், படைபலம், மக்களின் ஒழுக்கம் என ஒரு நாட்டின் இருப்புப் பட்டியல் அங்கே விரிகின்றது. நொக்ஸின் சொந்தக் கதை நான்காம் பகுதியிலேதான் வருகின்றது. (கண்டியில் மக்கள் உட்கொண்ட கஞ்சாவைப் பற்றி நொக்ஸ் கூறியவற்றையும் ஹூக் விட்டுவைக்கவில்லை. 1689இல் அரச கழகத்தின் முன் அதுபற்றி ஓர் உரையே நிகழ்த்தினார்.)

அப்பட்டியலிலே மஸ்கெலியா என்ற பெயர் இல்லை. அன்று அது பெருங்காடு. ஆனால் மஸ்கெலியாவின் எத்தோட்டத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியும் சிவனொளிபாதமலை அதிலே இருக்கின்றது. சிங்களத்திலே அதனை 'ஹமலெல்' என அழைப்பர் என்றும், தீவின் மிகவுயர்ந்த மலையாக அது கருதப்பட்டதென்றும், அதன் உச்சியிலுள்ள பாதச்சுவட்டை மக்கள் வழிபடச் செல்வர் என்றும், நாட்டின் பேராறுகள் அங்கிருந்தே பிறக்கின்றன என்றும் அவர் எழுதுகின்றார். அவ்வாறுகளைச் சார்ந்ததொன்றான மஸ்கெலி ஓயாவை மறித்துக் கட்டிய மவுசாக்கலை நீர்த்தேக்கம் 1969இல் நிறைவெய்தியபொழுது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயிலின் பகுதிகள் வெளித்தெரிவதைக் காணலாம். நொக்ஸின் நூலும் சற்று அத்தகையதே. மேற்பரப்பிலே ஓடும் கதையின் மட்டம் இறங்குமிடங்களில் வேறொன்று தலைகாட்டுகின்றது.

அவ்வாறு தலைகாட்டுபவன் ஒரு சிறுவன். நொக்ஸின் தந்தையார் தமக்குப் பணிவிடை செய்வதற்கெனப் பரங்கிப்பேட்டையிலிருந்து அழைத்து வந்தவன் அவன். நூல் அவனைக் 'கறுத்தப் பையன்' என்றே குறிக்கின்றது, பெயர் கூறுவதில்லை. ஆங்கிலேயர் பிறரின் பெயர்களைக் கவனமாகப் பதியும் நொக்ஸ், ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கிய ஒருவனுக்கு அச்சிறு மதிப்பையும் அளிக்கவில்லை. அவனைப் பற்றி அவர் முதலிற் கூறுவது ஒரு முறைப்பாடு. தன்னுடைய எசமானர், தன் நிறத்தையொத்த மக்களிடம் கைதியாயிருப்பதைக் கண்ட சிறுவன், தனக்கு விருப்பமானபோது மட்டுமே கட்டளைக்குப் பணிந்தான் என்பது அம்முறைப்பாடு. கீழ்ப்படியாமையாக நொக்ஸ் கண்டதனை நாம் வேறுவகையாகவும் காணலாம். எசமானனுக்குச் சிறையாகிய கண்டி, ஏவலாளனுக்கு ஓரளவு மூச்சுவிடும் இடமாயிற்று. ஆதிக்க உறவு தளர்ந்த ஒரு கணத்தை ஆதிக்கம் இழந்தவனே பதிவுசெய்ய நேர்ந்தமை அப்பகுதியின் தனிச்சிறப்பு.

அதனிலும் கருதத்தக்கது பைபிள் கிடைத்த நிகழ்ச்சி. நொக்ஸை அடியொற்றி எழுதுவோர் அனைவரும் இதனைத் தெய்வச்செயல் எனப் போற்றுவர். நொக்ஸும் அவ்வாறே கருதினார். ஓடையொன்றிலே அவர் மீன்பிடித்துக்கொண்டிருக்க, வழியே சென்ற முதியவர் ஒருவர், இவருக்கு நூல் வாசிக்கத் தெரியுமா எனக் கேட்கின்றார். கேட்டது நொக்ஸிடமன்று, சிறுவனிடம். கொழும்பைப் போர்த்துக்கேயர் கைவிட்ட காலத்திலே கிடைத்த நூலொன்று தம்மிடம் விலைக்கு உண்டென்று அவர் கூறியதும் சிறுவனிடமே. அது ஆங்கில பைபிள் என்று கண்ட நொக்ஸ், கையில் எஞ்சியிருந்த ஒரேயொரு பொற்காசையும் கொடுத்துவிடத் துடிக்கின்றார். சிறுவன் தடுக்கின்றான். அக்காசு வேறு தேவைகளுக்கு வேண்டியிருக்கும். முதியவரின் முன் நூலில் நாட்டமில்லாதவர்போல் நடந்துகொண்டால் குறைந்த விலைக்கே பெற்றுத் தருவேன் என்கின்றான். இறுதியில் பின்னிய தொப்பியொன்றுக்கு அந்நூல் கைமாறுகின்றது.

இந்நிகழ்ச்சியில் நாட்டு மொழியறிந்தவன் யார்? சந்தை நெளிவுசுளிவு தெரிந்தவன் யார்? நாளைய பட்டினியைக் கணக்கிட்டவன் யார்? மூன்று வினாக்களுக்கும் விடை ஒன்றே. அவ்வாறிருந்தும் நன்றி முழுவதும் வானத்தை நோக்கிச் செல்கின்றது. பிற்பகுதியின் வெற்றிக் கதையில் அவனுக்கு இடமில்லை. அரிப்புக் கோட்டையை அடைந்தவர்கள் இருவர், இருவரும் ஆங்கிலேயர்.

அச்சிறுவனைத் தமிழனென்று உரிமைகொண்டாடுவதோ, மலையகத் தமிழரின் ஆதிமூதாதை என்று முடிசூட்டுவதோ இக்கட்டுரையின் நோக்கமன்று. அவ்வகைப் பெருமிதம் ஆய்வுக்கு உதவாது. அவன் ஏறிவந்த கரையின் அன்றைய நிலையைக் கவனித்தல் பயன்தரும். 1658இல் ஒல்லாந்தர் நாகபட்டினத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். 1659 தொடக்கம் 1661 வரை, படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் தஞ்சைப் பகுதி சீரழிந்தபொழுது, ஏழைமக்கள் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்க நேர்ந்தது. அவ்வாறு விலைப்பட்டோரை ஒல்லாந்தர் இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றினர். ஓர் ஆங்கில இளைஞன் சிறைப்பட்டமையால் புகழ்பெற்ற அதே ஆண்டுகள் அவை. கொட்டியாரத்தில் இறக்கப்பட்ட துணிகளும் பரங்கிப்பேட்டை வணிகருக்குரியவை; அவ்வணிகரும் 'ஆன்' கப்பலிலேயே பயணம் செய்தனர். சரக்கும் வணிகரும் ஏவலாளனும் ஒரே கரையிலிருந்து ஒரே கலத்தில் வந்தும், கதை ஒருவருக்கே உரியதாயிற்று.

கண்டியரசனைப் பற்றிய சித்திரத்தையும் இவ்விடத்திற் குறிப்பிடல் வேண்டும். நூலின் இரண்டாம் பகுதி இராஜசிங்கனைக் கொடுங்கோலனாகத் தீட்டுகின்றது. அவன் மென்மையானவன் அல்லன் என்பது உண்மையே. எனினும் 1638இல் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்து போர்த்துக்கேயரை விரட்டிய அவன், 1656இல் கொழும்புக் கோட்டையை ஒல்லாந்தரே வைத்துக்கொண்டதைக் கண்டவன். கடல்வழியே வரும் வெள்ளையனை ஐயுறுதற்கு அவனுக்கு வலுவான காரணங்கள் இருந்தன. நூல் அக்காரணங்களைப் பின்தள்ளிக் குணக்கேட்டை முன்னிறுத்துகின்றது. இதன் பயன் பிற்காலத்தில் விளைந்தது. கண்டி வீழ்ந்த 1815ஆம் ஆண்டு உடன்படிக்கை, 'மலபார்' அரசனின் கொடுமைகளைக் கூறியே அவனது ஆட்சியை நீக்கியது. அவ்வரசனின் ஆண் உறவினர் நாட்டினுள் நுழைவதையும் தடைசெய்தது. இரண்டே ஆண்டுகளில், 1817இல், 'பிலலேதிஸ்' என்ற புனைபெயரில் வெளிவந்த இலங்கை வரலாற்று நூலொன்று நொக்ஸை முழுமையாகப் பின்னிணைத்தது. கைதியின் துயரம் வெற்றியின் பின்னிணைப்பாயிற்று.

இனி நொக்ஸின் பிற்கால வாழ்க்கைக்கு வருவோம். நெஞ்சுரப் பாராட்டு தடுக்கிவிழும் இடம் இதுவே. விடுதலை பெற்று மீண்ட அவரைக் கும்பனி 'தொன்குவின் மேச்சன்ட்' என்னும் கப்பலின் தலைவராக்கியது. 1684இல் அவர் மேற்கொண்ட பயணத்தின் நோக்கம், மடகஸ்கார் தீவிலே அடிமைகளைக் கொள்முதல் செய்து சென் ஹெலினாத் தீவுக்குக் கொண்டுசெல்வது. பத்தொன்பதரை ஆண்டுகள் தன் ஊர் திரும்ப ஏங்கிய மனிதர், ஐந்தாண்டு கழியுமுன் பிற மனிதரை அவர்தம் ஊரிலிருந்து பெயர்க்கப் புறப்பட்டார். சென் ஹெலினாவிலே மாலுமிகள் அவரைக் கரையில் விட்டுவிட்டுக் கப்பலோடு ஓடினர் என்பது வேறு கதை. பின்னர், கும்பனி முகலாயப் பேரரசோடு 1686 முதல் 1690 வரை பொருதிய காலத்தில், அக்கப்பல் பீரங்கிகள் மிகுதியாகப் பொருத்தப்பட்டு, எதிரிக் கலங்களைச் சூறையாடும் பணியில் நொக்ஸின் தலைமையிலே அனுப்பப்பட்டது. கேர்க்கும் லங்காஸ்டரும் சென்ற பாதையில் அவரும் சென்றார். சூறை பெரிதாக வாய்க்கவில்லை. சர்க்கரை ஏற்றிக்கொண்டு திரும்பினார். 1694இல் கும்பனியோடு உறவு முறிந்தது. 1698இல் இன்னொரு பயணம் போய்வந்து, 1720இல் இலண்டனில் இறந்தார்.

இச்செய்திகளை நமக்குத் தருபவரும் நொக்ஸே. தம் அச்சு நூலின் படியொன்றிலே வெற்றுத்தாள்களை இடைச்செருகி, வாழ்நாளின் இறுதிவரை அவர் குறிப்புகளும் தன்வரலாறும் எழுதிச் சேர்த்தார். தன்வரலாற்றை ஜேம்ஸ் றயன் 1911இல் பதிப்பித்தார். பவுலுஸ் 1989இல் கொழும்பில் வெளியிட்ட இருபாகப் பதிப்பு பிற சேர்க்கைகளையும் நம் கைக்கெட்டச் செய்தது. ஆயினும் பொதுவாசகரிடையே வழங்குவது 1681இன் நொக்ஸே. கைதியையும் அடிமை வணிகரையும் இருவேறு மனிதராகப் பிரித்து நிறுத்தியதில் பதிப்பு வரலாற்றுக்கும் பங்குண்டு.

இது முரண்பாடா? நொக்ஸை மனச்சான்றற்றவர் என்று ஒதுக்குவது எளிது. அவ்வாறு ஒதுக்கினால் நூலைப் புரிந்துகொள்ள முடியாது. கண்டியில் இருந்தபொழுதே அவர் தொப்பி பின்னி விற்றார். ஊர் ஊராகச் சென்று சில்லறை வாணிபம் செய்தார். ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பது வட்டியில் நெல் கடன் கொடுத்தார். எலதெத்த என்ற ஊரில் நிலம் வாங்கி வீடு கட்டினார். இவற்றையெல்லாம் ஒளிவின்றிக் கூறுகின்றார், ஏனெனில் அவருடைய வர்க்கத்துக்கு அது முயற்சியின் பெருமை. மனிதனைச் சரக்காகக் காணும் பார்வை சிறையிலே அழியவில்லை. அது உடன்வந்து, அங்கே சிக்கனமாகவும் உழைப்பாகவும் உருக்கொண்டு, விடுதலையின் பின் தன் இயல்பான அளவுக்கு மீண்டும் வளர்ந்தது. தமக்கு நேர்ந்ததை அவர் அநீதி என உணர்ந்தது ஆங்கிலேயர் என்ற முறையில். மனிதர் என்ற முறையிலன்று. பெயரற்ற சிறுவனின் நிலை அவருக்குச் சிறைப்பாடாகத் தோன்றாமைக்கும் காரணம் இதுவே.

ஆங்கில நாவலின் பிறப்போடு இது தொடர்புடையது. டானியல் டீபோ தமது 'கப்டன் சிங்கிள்டன்' என்ற 1720ஆம் ஆண்டு நாவலில் நொக்ஸின் கதையைச் சுருக்கித் தருகின்றார். முந்திய ஆண்டு வந்த 'றொபின்சன் குரூசோ' நொக்ஸுக்கு எவ்வளவு கடன்பட்டது என்பதனைக் கதறின் பிராங்க் 2011இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். குரூசோவின் தனிமையையும் கணக்குப்புத்தகத்தையும் பைபிளையும் நொக்ஸோடு ஒப்பிடுதல் வழக்கம். எனக்கு வேறோர் ஒப்புமை முதன்மையாகப் படுகின்றது. அடிமையாகப் பிடிபட்ட குரூசோ, சூரி என்ற சிறுவனின் துணையோடு தப்புகின்றான். அச்சிறுவனோ உயிரைக் கொடுக்கவும் ஆயத்தமாயிருந்தவன். கரைசேர்க்கும் போர்த்துக்கேயக் கப்பற்றலைவனிடம் அவனையே அறுபது வெள்ளி நாணயங்களுக்குக் குரூசோ விற்றுவிடுகின்றான். பின்னர் அடிமை வாங்கச் சென்ற பயணத்திலேதான் அவனுடைய கப்பல் உடைகின்றது. டீபோ சூரிக்குப் பெயராவது கொடுத்தார். தன்முயற்சியாலே உயரும் தனிமனிதன் என்ற நாவல் நாயகனின் அருகே, அவனுடைய முயற்சியின் ஒரு பகுதியைச் செய்துவிட்டு மறையும் சிறுவன் ஒருவன் தேவைப்படுகின்றான். கைலாசபதி 'தமிழ் நாவல் இலக்கியம்' என்ற நூலில் நாவலைத் தனிமனித வாதத்தின் எழுச்சியோடு இணைத்து விளக்கியவர். அவ்விளக்கத்தின் நிழற்பக்கமாக இதனைக் கொள்ளலாம்.

நொக்ஸ் தப்பிச் சென்றது மலையிலிருந்து மன்னார்க் கரைக்கு. ஒன்றரை நூற்றாண்டின் பின், கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர் அதே கரையோரத்தில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளையை நோக்கி எதிர்த்திசையில் நடந்தனர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் மாண்டோர் பலர். நொக்ஸின் இருபத்தேழு நாட் பயணத்துக்கு நாட்குறிப்பு உண்டு. அவர் ஆற்றங்கரையில் கண்ட முதலைகளுக்கும் யானைகளுக்கும்கூட அதிலே இடமுண்டு. அவர்களுடைய நடைக்கு அத்தகைய நூல் எழவில்லை. மலையேறியபின் கங்காணியிடம் பட்ட கடன் அவர்களைப் பிணித்தது. அக்கடனைத் தீர்க்க ஏற்கும் 'துண்டு' இன்றி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல இயலாத முறை 1921 வரை நீடித்தது. 1865ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம், சொல்லாமல் வேலையை விட்டுச் செல்வதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 'தப்பியோடுதல்' என்ற ஒரே செயல் நொக்ஸிடத்திலே வீரம். மஸ்கெலியா, டிக்கோயாத் தோட்டத் தொழிலாளியிடத்திலே குற்றம். 1964 ஒப்பந்தமோ கதையைத் தலைகீழாக்கிற்று. 9,75,000 பேரின் தலைவிதியைப் பேசிய அவ்வொப்பந்தம் 5,25,000 பேர் இந்தியா செல்லவேண்டுமென்றது. போகவிடாமை நொக்ஸுக்குச் செய்யப்பட்ட கொடுமை. இவர்களுக்கோ இருக்கவிடாமையே கொடுமையாயிற்று.

இவ்விரு வரலாறுகளும் ஒன்றெனக் கூறவரவில்லை. கண்டியரசனின் தடுப்புக்காவலும் பெருந்தோட்ட முதலாளித்துவத்தின் கடன்பிணையும் வெவ்வேறு பொருளாதார அமைப்புகளுக்குரியவை. ஒப்புநோக்கத் தக்கது, எவருடைய அனுபவம் எழுத்தாகின்றது என்ற வினா. அச்சகமும் அரச கழகமும் கும்பனியும் பின்னிற்க ஒருவரின் அனுபவம் நூலாயிற்று. மலையகத்திலோ அது பாடலாகவே நெடுங்காலம் நின்றது. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தோட்டம் தோட்டமாகச் சென்று அப்பாடல்களைத் திரட்டியமையினாலேயே நமக்கு ஒரு மறுபக்கம் கிட்டியது. அவற்றை நாட்டார் வழக்காறு என்ற பெட்டிக்குள் மட்டும் அடைத்து வைக்காது, நொக்ஸின் நான்காம் பகுதிக்கு எதிரே வைத்துப் படிக்கவேண்டிய பயண இலக்கியமாகவும் சிறையிலக்கியமாகவும் கொள்ளும் முயற்சி நமது பல்கலைக்கழகங்களில் இன்னும் போதியளவு நடைபெறவில்லை.

அத்தகைய படிப்புக்குத் தோட்டத்து வழக்குமொழி அறிவு இன்றியமையாதது. மஸ்கெலியாத் தோட்டங்களில் 'பேர்' என்ற சொல்லுக்கு ஒரு நாள் வேலைக்குரிய கூலி என்ற பொருளும் உண்டு. பிரட்டுக்களத்தில் ஆளெடுத்து, மாலையில் கொழுந்து நிறுத்து, குறித்த நிறை வந்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். மனிதனின் பெயர் கணக்கேட்டில் பாதியாக வெட்டப்படக்கூடிய அளவையாக மாறிய வரலாறு இச்சொல்லிலே உறைந்துள்ளது. நொக்ஸின் நூலைத் தமிழில் ஆக்க முன்வருவோர், 1681ஆம் ஆண்டுப் பதிப்போடு நில்லாது பிற்காலத் தன்வரலாற்றையும் ஒருசேர மொழிபெயர்த்து, பரங்கிப்பேட்டைச் சிறுவன் வரும் பக்கங்களுக்கு இச்சொல்லை அறிந்த ஒருவரைக் கொண்டே குறிப்பெழுதுவித்தல் நன்று.